ஊமத்தஞ்சாறு பட்ட கண்

பக்கத்து வீட்டுக் குணேஸ்வரியின் பூ விரிகிற நேரம் பார்த்துத்தான் என் மனிசன் முற்றத்துக்குக் கதிரையைத் தூக்கிப் போட்டு உட்காருவார். பொழுது கருக, ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால், வேலிக்கு அங்கால் அந்த மர ஊமத்தை தன் வெள்ளைக் குழல்களைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு வாசத்தைத் திறந்துவிடும். "என்ன வாசம் கமலேஸ்!" என்பார். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை பார்க்கிற மனிசன், இருபது வருசத்தில் என் குழம்பை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குப் பற்றி எரியும்.

அவள் புருசன் பாக்கியரத்தினம் நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட செடி. நட்ட வருசமே, தொண்ணூறில், சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; பிறகு தகவல் இல்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். பட்டேன். அந்தச் செடி முழுக்க நஞ்சு, ஆடுகூட மோந்து பார்க்காது. இருந்தும் எனக்கு அது வேண்டும்.

கேட்டு வாங்க ஏலாது. எங்கள் பக்கத்தில் பூங்கன்றைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் துளிர்க்கும். அவள் பிரதோசத்துக்குக் கோயிலுக்குப் போன பின்னேரம் வேலிக்குள் கையை விட்டு ஒரு கொப்பு முறித்தேன். வியர்வை இறங்கிய கண்ணைச் சாறு பட்ட அந்தக் கையாலேயே துடைத்ததுதான் பிழை. விடியக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்ணின் பாவை மிளகளவு, மற்றது நாவற்பழம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. குணேஸ்வரி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணுக்கு என்னக்கா?"

"தூசி."

"ஓம், தூசிதான். ரெண்டு நாளில மாறும். செடி நட்ட புதிசில எனக்கும் விழுந்தது."

சமைக்கிற குசினிக்குப் பின்னால் கொப்பை ஒளித்து நட்டு, அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். ஒன்பது மாதத்தில் ஐந்து பூ. மனிசன் கதிரையை அங்கே தூக்கவேயில்லை. "அங்கயிருந்து வாற வாசம்தான் வாசம்" என்றார்.

பிறகு சந்தியில் ஆமியின் காவல் சென்றி வந்தது. அவள் செடி பார்வையை மறைக்கிறதாம். இரண்டு ஆமிக்காரர் வந்து வெட்டி, வேரையும் கிளப்பி எரித்துவிட்டுப் போனார்கள். குணேஸ்வரி வாசல் படலையைப் பிடித்தபடி நின்றாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோசம். சொல்ல வெட்கம்தான். இனி ஒழுங்கையில் என் வீட்டில் மட்டும்தான் இந்தப் பூ.

அன்று பின்னேரம் என் பூ விரிந்தபோது வேலிக்கு அங்கால் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. அவள் வேலியோடு வந்து நின்றாள். கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. கேட்டாலும் கையால் கொடுத்தால் பிடிக்காதே. கொடுக்க மனமும் இல்லை.

அடுத்த பிரதோசத்தன்று வேலிப்பக்கம் நின்று, "நாங்கள் கோயிலுக்குப் போறம், வர ஆறரையாகும்!" என்றேன்.

"எனக்குச் சொல்ல ஏன் இப்பிடிக் கத்திறாய்?" என்றார் மனிசன். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். சாமியைக் கும்பிடவே ஏலவில்லை. பாவி, மொட்டு வைத்த கொப்பை முறித்துவிடுவாளோ என்ற நினைப்புத்தான்.

விடிய அவள் கிணற்றடிக்கு வந்தாள். இரண்டு கண்ணும் நாவற்பழம், இமை அழுது தடித்திருந்தது. சாறு பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள், அந்தக் கையாலேயே இரண்டு கண்ணையும் துடைத்திருக்கிறாள்.

"கண்ணுக்கு என்ன குணேஸ்?"

"தூசி அக்கா."

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெரிய கறுப்புக் கண் அவளுக்கு எடுப்பாய்த்தான் இருந்தது. என் மனிசன் எழும்பி முகம் கழுவ வருவதற்குள் அவள் வாளியை நானே நிரப்பித் தூக்கிக்கொண்டு, கண் கூசித் தடுமாறிய அவள் கையைப் பிடித்து வீட்டுவாசல் வரைக்கும் கூட்டிப்போனேன்.