அமுக்காத பட்டன்

தடாலென்று ஒரு சத்தம். கீழ்த்தளத்தில் வீடு போலவே அமைத்திருந்த அறையில், கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மையைக் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளினார்கள். சோதனை ஆரம்பம்.

மாடியில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டேப்லெட் ஸ்கிரீனை வடிவமைத்த டிசைனர் மேனேஜரோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம், தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி டேப்லெட்டும் கையுமாக இருந்தாள். கீழே நிற்கும் கேமரா ரோபோவை மாடியிலிருந்தே ஓட்டி, விழுந்தவரைக் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்புப் பட்டனை அமுக்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் நிற்கும் சோதனையாளன் உதவவே கூடாது. ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொல்வதை மட்டும் சொன்னான்.

"விழுந்தது உங்க வீட்ல ஒருத்தர்னு நினைச்சுக்கங்கம்மா."

காலையில் வந்தவர்களுக்குப் பட்டன் கண்ணிலேயே படவில்லை. டிசைனர் சாப்பிடக்கூடப் போகாமல் அதைப் பெரிதாக்கியிருந்தாள்.

"இந்தம்மாவும் அமுக்கலைன்னா உன் ஸ்கிரீன் குப்பைக்கு, நீ வீட்டுக்கு," என்றார் மேனேஜர். "உன் புருஷனுக்குச் சமைச்சுப் போடு. அதுக்கு டிசைன் வேண்டாம்."

அவள் நாற்காலியைக் கண்ணாடிக்குக் கிட்டே இழுத்துப் போட்டாள்.

தையல்கார அம்மா ஊசியில் நூல் கோக்கிற லாவகத்தோடு ரோபோவை ஓட்டினாள். மேஜைக் கால்களுக்கு நடுவே நுழைந்து, கட்டிலைச் சுற்றி, குப்புறக் கிடந்த பொம்மையைக் கண்டுபிடித்துவிட்டாள். முகத்துக்குக் கிட்டே போய் நிறுத்தினாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அமுக்கு தாயே," என்று டிசைனர் முணுமுணுத்தாள். கண்ணாடியைத் தட்டிக் கத்தலாம் போலிருந்தது.

அந்த அம்மா அமுக்கவில்லை. ரோபோவைச் சற்றே பின்னால் நகர்த்தினாள். பொம்மை முழுசாகத் தெரிந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"பாத்தியா, முழிக்கிறா," என்றார் மேனேஜர் சந்தோஷமாக. "போய் மூட்டையைக் கட்டு."

டிசைனர் மேனேஜர் முன்னால் இருந்த மைக்கைப் பிடுங்கினாள். "பட்டன் தெரிஞ்சுதான்னு ஒரே ஒரு வார்த்தை கேளுடா," என்று சோதனையாளனின் காதுக் கருவியில் கெஞ்சினாள். "சோதனைதான் முடிஞ்சுபோச்சே, கேக்கலாம்ல?"

அவன் கேட்டான்.

அந்த அம்மா டேப்லெட்டை முந்தானையால் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

"பட்டன் அப்பவே தெரிஞ்சுது தம்பி. வீட்ல ஒருத்தர்னு நினைச்சுக்கச் சொன்னீங்க, நான் எங்க வீட்டுக்காரர நினைச்சுக்கிட்டேன்."