கோணக் கைப்பிடி

காகிதக் கப்பையும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் தனக்கோடி டீயை வாயில் வைத்தார். செராமிக் கம்பெனிச் சூளையில் முப்பத்தைந்து வருசம், வெந்து வந்த பீங்கானைச் சுண்டிச் சுண்டியே பழகிய விரல். நல்ல கப்பென்றால் கோயில் மணி மாதிரி ணங்கென்று கேட்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டப்பென்று செத்த சத்தம். மேலே பூசும் கிளேஸை அவர் நம்பியதே இல்லை. கிளேஸ் போட்டால் எல்லாமே பளபளக்கும். மனுசனும் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

பழைய சிநேகிதன் பழமலைநாதனின் கருமாதிச் சாப்பாடு முடிந்து பந்தலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. அந்த மனுசன் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. சென்னையிலிருந்து, பழமலைநாதன் வேலை பார்த்த பெரிய ஓட்டலின் ஆள் ஒருவர் வந்திருந்தார். பேண்ட் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக் குடுத்ததே சார்தாங்க. கெஸ்ட் எதைக் கேட்டாலும் 'இல்லை'ங்கற வார்த்தை வாயில வரக்கூடாதும்பாரு. அவங்க கேட்டது இல்லையா, இருக்கறதைச் சொல்லு, சிரிச்சிக்கிட்டே சொல்லு. முப்பத்திரண்டு வருசம் அவரு யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல."

"எனக்குச் சொன்னான்" என்றார் தனக்கோடி.

"செத்தவரப் பத்தி இப்ப எதுக்கு பெரியவரே?" என்றார் ஒருவர்.

"செத்துட்டா சொன்னது சொல்லலேன்னு ஆயிடுமா?"

இருபது வருசத்துக்கு மேலாகியும் அந்த ஓட்டலின் பின்வாசல் அவருக்கு மறக்கவில்லை. பத்தாவதில் கோட்டடித்த மகனை இழுத்துக்கொண்டு, வேலை கேட்டு விடிகாலை பஸ்ஸில் சென்னைக்குப் போயிருந்தார். முன்வாசலில் மீசைக்காரன் ஒருவன் கார்க் கதவுகளுக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பின்பக்கம் போகச் சொன்னான். அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பழமலைநாதன் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டோடு வந்தான். பையனை ஏற இறங்கப் பார்த்தான். பையன் பார்வையைத் தாழ்த்தாமல் அவனையே முறைத்தான். "முடியாதுடா. இட்டுக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். சிரிப்பு இல்லை, காரணம் இல்லை, ஒரு டீ இல்லை. மங்கலம்பேட்டைக் கடைக்காரர் மகனை அதே வருசம் சேர்த்துவிட்டவன். ஊரில் எவன் எழுதிக் கேட்டாலும் 'செஞ்சிடலாம்ங்க' என்று பதில் போட்டவன்.

ஒன்பது வருசம் தனக்கோடி அவனோடு பேசவில்லை. ரிட்டையராகி ஊருக்கு வந்த பழமலைநாதன், ஒரு சாயங்காலம் ஜங்ஷன் ரோட்டு டீக்கடைக்கு நேராக வந்து, பெஞ்சில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சக்கரை இல்லாம போடச் சொல்லு. மூஞ்சப் பாத்தாலே தெரியுது ஒனக்கு சுகருன்னு."

"ஒன்ன எவன்டா கேட்டான்?"

அதோடு பேச்சு ஒட்டிக்கொண்டது. தினமும் நாலு மணிக்கு பெஞ்சு, தினமும் சண்டை. மழை வருமா வராதா என்பதற்குக்கூடச் சண்டை. பழமலைநாதனிடமிருந்து கண்டக்டருக்கு 'சார்', டீ மாஸ்டருக்கு 'தேங்க்ஸ்ங்க', குறுக்கே வரும் மாட்டுக்குக்கூட ஒதுங்கி வழிவிட்டு ஒரு புன்சிரிப்பு. இவருக்கு மட்டும், "போடா மொரடா, ஒனக்கு என்னாடா தெரியும்?" தன்னை ஆளாகவே மதிக்கவில்லை என்றுதான் தனக்கோடி நினைத்தார். அந்தப் பின்வாசலைப் பற்றி ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தார். கேட்பதற்குள் அவன் போய்விட்டான்.

பந்தல் காலியானதும் உள்ளே போனார். பழமலைநாதன் மனைவி விருத்தாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் சரின்னவன் எனக்கு மட்டும் ஏன் முடியாதுன்னான்? நான் என்ன அவ்ளோ கேவலமா?"

பதினாறு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"நாப்பது வருசம் எனக்கும் 'சரிம்மா, செஞ்சிடலாம்மா'தாண்ணே. ஒருநாள் கொழம்புல உப்பே போடல. நல்லா இருக்குதுன்னு சாப்ட்டு எழுந்திரிச்சுப் போறாரு. நான் வூட்டுக்காரியா, ரூமுல தங்க வந்தவளான்னு எனக்கே தெரியல. ஒங்ககூடச் சண்ட போட்டுட்டு திட்டிக்கிட்டே வருவாரு பாருங்க, அப்பதான் வூட்டுக்குள்ள ஒரு மனுசன் வந்தாப்ல இருக்கும். ஒங்கமேல எனக்கு அவ்ளோ பொறாமை."

பிறகு அவளே சொன்னாள்: "அந்தப் பையன் வந்துட்டுப் போனத லீவுல வந்தப்ப சொன்னாரு. நிமிந்து பாக்கற புள்ளடி, அங்க சேத்தா ஒரே வருசத்துல முதுக வளைச்சிடுவாங்கன்னாரு."

மகன் இப்போது மங்களூர்ப் பக்கம் ஜேசிபி ஓட்டுகிறான். முதலாளியோடு தகராறு இல்லாத மாசம் கிடையாது.

தனக்கோடிக்கு நெஞ்சு ஒரு கணம் இளகியது. உடனே சந்தேகமும் வந்தது. அவனோடு நாற்பது வருசம் குடித்தனம் செய்தவள். துக்க வீட்டுக்கு வந்த கிழவன் வருத்தப்பட வேண்டாமென்று இவளும் ஒரு பூச்சுப் பூசுகிறாளோ?

சுவர் அலமாரியில் பழைய பீங்கான் கப்பு ஒன்று இருந்தது. தனக்கோடி சூளையிலிருந்து எடுத்தது; கைப்பிடி கோணிப்போனதால் மேஸ்திரி கழிவுக் குவியலில் எறிந்தது. சென்னைக்கு வண்டியேறிய அன்று அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான் பழமலைநாதன். பெரிய மனிதர்களுக்கெல்லாம் மெல்லிய கோப்பையில் டீ நீட்டியவன், கடைசிவரை குடித்தது இதில்தான்.

"அந்தக் கப்ப நான் எடுத்துக்கட்டுமா?"

"தர முடியாதுண்ணே" என்றாள் விருத்தாம்பாள்.

கண்ணைத் தாழ்த்தவில்லை. சிரிக்கவில்லை. வேறு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

தனக்கோடி எழுந்துபோய்க் கப்பைக் கையில் எடுத்தார். விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. ணங்கென்ற சத்தம் மெல்ல அடங்கியது. அவள் கை நீட்டி வாங்கி, அவர் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மறைப்பு போன வாசல் வழியாக வெயில் அலமாரிவரை வந்து, கப்பின் கோணல் நிழலைச் சுவரில் நீட்டிப் போட்டிருந்தது.