இரண்டாவது பிரேக்

மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டைப் பாகம் பிரித்த அன்று அக்கா முன்னால், தம்பி முன்னால், தம்பி பெண்டாட்டி முன்னால் எகிறிக் குதித்தார். "என் வண்டி ஒண்ணும் செத்துப்போகலை. சனிக்கிழமை நாலு மணிக்குள்ள அது தன் இன்ஜின்லயே ஓடி என் ஸ்கூல் ஷெட்டுக்குப் போய் நிக்கும். நிக்கலைன்னா எடைக்குப் போட்டுக்கோங்க!" அக்கா சும்மா விடுகிறவளா? சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, மாஸ்டரிடமும் தம்பியிடமும் கையெழுத்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாடி மாஸ்டருக்கு. கீழ்வீடும் கார் ஷெட்டும் தம்பிக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு ஷெட் கைமாறும்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்தாறு வருஷமாக அதே பிழைப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் காலை நம்பாமல், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேலேயே காலை வைத்திருக்க வேண்டும். நம்பினால் சுவரில் போய் மோத வேண்டியதுதான். நாளெல்லாம் ஊர்ந்தே பழகிய மனுஷன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத்தான். இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இன்ஜின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாதவருக்கு அதுதான் குடும்பம். அதை லாரியில் ஏற்றி நசுக்கப் போடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வியாழக்கிழமை ஸ்டார்ட் செய்தபோது பின்னாலிருந்து நாய்க்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் தரையில் பச்சைத் தண்ணீர். பெல்ட் ஓடும் சக்கரத்தை விரலால் அசைத்தார். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றிவிடும் வாட்டர் பம்ப் போய்விட்டது. நேரம் பார்த்துக் கழுத்தறுக்கிறதே சனியன்! பக்கத்தில் இருந்த இரண்டு மெக்கானிக்குகளோடும் அவருக்கு ஏற்கனவே சண்டை. ஆகவே தானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். புது பம்ப் கைக்கு வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை காலை பத்து மணி.

பத்தேகாலுக்கு தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் போட்டு உட்கார்ந்தான். லிஃப்ட் மெக்கானிக். கையில் வித்தை உள்ளவன். அண்ணனோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இந்த வண்டிக்கு எந்த வேலை வந்தாலும் இருவரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். இப்போது காலை நீட்டிக்கொண்டு, அண்ணனின் ஒவ்வொரு அசைவையும் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி முற்றத்துக் கொடியில் துணி உலர்த்தினாள். அவளும் மாஸ்டரோடு பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் துணிகளிடம் பேசினாள்.

"சில பேருக்கு வாய் மட்டும் நல்லா ஓடும்" என்றாள் ஒரு தலையணை உறையிடம். "வண்டிதான் ஓடாது."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்சக்கரத்தைக் கழற்றினார்.

சண்டைக்குக் காரணம் அவள்தான். அல்லது அவர்தான். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அவருடைய ஸ்கூலிலேயே அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஓட்டினாள். லைசென்ஸ் பரீட்சை அன்று பின்னால் அதிகாரி, பக்கத்தில் மாஸ்டர். சிக்னலில் சிவப்பு விழுந்தது. "நான் போட்டுட்டேன் மாமா!" என்று அவள் கத்துவதற்குள் மாஸ்டரின் கால் இரண்டாவது பிரேக்கை மிதித்துவிட்டது. இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடித்ததில் வண்டி குதித்து நின்றது. அதிகாரியின் மூக்குக்கண்ணாடி முன்சீட்டில் வந்து விழுந்தது. அவள் ஃபெயில். அதோடு விட்டாரா மனுஷன்? சொந்தக்காரர் கூட்டத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, "அவ பிரேக்கே போடலை. நான் இல்லைன்னா அன்னிக்கு அத்தனை பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீரை வடித்தார். பழைய பம்பைப் பிடித்திருந்த ஏழு போல்ட்டும் ஏழு நீளம். ஓர் அட்டையில் பம்பின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு, கழற்றிய போல்ட்டை அதனதன் துளையில் செருகி வைத்தார். இடம் மாறினால் இன்ஜின் உடம்பே விரிசல் விடும். துளைக்குப் பக்கத்தில் எண் வேறு எழுதினார். எண்ணைச் சுற்றி வட்டம் வேறு போட்டார்.

"அட்டையையும் நம்ப மாட்டாங்க போல" என்றாள் அவள் ஒரு துண்டிடம்.

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்த பழைய கேஸ்கெட் தாள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பிளேடால் சுரண்டிச் சுரண்டிக் கைவிரலெல்லாம் கீறல். ஒரு மணிக்குப் புது பம்ப் உட்கார்ந்தது. இரண்டு மணிக்கு பெல்ட் ஏறியது. சக்கரத்தை மாட்டி, புதுத் தண்ணீரை ஊற்றி, முதுகை நிமிர்த்தியபோது மணி இரண்டரை. மாஸ்டர் தம்பியைப் பார்த்து ஒரு கர்வச் சிரிப்பு சிரித்தார். தம்பி கொட்டாவி விட்டான்.

அவன் கொட்டாவி விட்டதற்குக் காரணம் இருந்தது. இனிமேல்தான் கூத்தே. தண்ணீர் ஊற்றும் வாய் பின்னால் இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றும் திருகு மூக்கில், ரேடியேட்டரின் தலையில் இருக்கிறது. இன்ஜின் ஓட ஓட ஒருவர் பின்னால் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் முன்னால் திருகைத் திறந்து வைத்திருந்து, காற்றுக் குமிழி நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூட வேண்டும். காற்று உள்ளே நின்றுவிட்டால் தண்ணீர் சுற்றாது, இரண்டு தெரு தாண்டுவதற்குள் இன்ஜின் வெந்துபோகும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை.

ஒற்றை ஆளாகவே செய்து பார்த்தார். முன்னால் திருகைத் திறந்துவிட்டுப் பின்னால் ஓடினார், ஊற்றினார், முன்னால் ஓடினார். அதற்குள் பின்னால் தண்ணீர் இறங்கி மறுபடி காற்று புகுந்துவிட்டது. மூச்சு வாங்க இன்னொரு தடவை ஓடினார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வாயைத் திறந்து, "தம்பி, கொஞ்சம் வாடா" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்பாரா? உயிர் போனாலும் கேட்க மாட்டார்.

மூன்று மணிக்கு தம்பியே எழுந்தான். "நொண்டிச்சாக்கு எதுக்கும் இடம் வெக்கக் கூடாது" என்று பெண்டாட்டியிடம் சத்தமாகச் சொன்னான். "ஒழுங்காக் கிளப்பிவிட்டா சனியன் ஒழிஞ்சதுன்னு இருக்கும்." தரையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் மூக்கருகே குந்தினான்.

இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால் அவர்களுக்குள் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் திறந்தாயிற்று, ஊற்று. இரண்டு தட்டு தட்டினால் காற்று போயாயிற்று, மூடிவிட்டேன். ஒரு தட்டு கேட்டது. மாஸ்டர் ஊற்றினார். எப்போதும் கால்மணி நேரம் பிடிக்கிற வேலை. நாலே நிமிஷத்தில் இரண்டு தட்டு கேட்டது. தம்பி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலிக்குப் போய்விட்டான்.

நாலு நிமிஷமா?

மூன்றேகால் மணி. ஸ்கூல் ஷெட் பத்து நிமிஷ ஓட்டம். அக்கா அங்கே கடிகாரத்தோடு காத்திருந்தாள். மாஸ்டர் உட்கார்ந்து வண்டியை முற்றத்தில் நகர்த்தினார். இன்ஜின் வெண்ணெயாக ஓடியது. தம்பி பெண்டாட்டி கேட்டைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான், மிதித்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் அவர் கண் சூட்டு முள்ளிலேயே இருந்தது. முள் பாதியைத் தாண்டியது. அது தாண்டும், எப்போதும் தாண்டி அங்கேயே நிற்கும் என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாலு நிமிஷம். இரண்டு வருஷமாக என் முகத்தில் முழிக்காதவன். என் வண்டியை ஒழித்துக்கட்டக் காத்திருப்பவன். வேண்டுமென்றே காற்றை உள்ளே விட்டு மூடியிருப்பான், நடுத்தெருவில் நான் புகையோடு நின்று ஊர் சிரிக்கட்டும் என்று. பாவி, செய்திருப்பான்!

கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டார். இன்ஜினை நிறுத்தினார். ஸ்க்ரூடிரைவரோடு இறங்கிப் போய் மூக்கருகே குந்தினார்.

"என்ன பண்றே?" தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தான். இரண்டு வருஷத்தில் அவன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை. "சூடா இருக்கு, தொடாதே!"

அப்படியா சேதி, பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். இன்னும் வேகமாகத் திருகினார்.

ஒரு குமிழிகூட வரவில்லை. கொதிக்கிற தண்ணீர்தான் பீய்ச்சியடித்தது. திருகு அவர் விரலிலிருந்து தெறித்து, சிமெண்டில் இரண்டு குதி குதித்து, சாக்கடைக் கம்பிக்குள் விழுந்து மறைந்தது. "ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு மல்லாக்க விழுந்தார். புறங்கை முழுக்கச் சிவந்து தோல் வழன்றது. தண்ணீர் மளமளவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

"திருகு... ஏதாவது திருகு இருக்காடா?" என்று அலறினார்.

"அந்த அளவு என்கிட்ட இல்லை. இருந்தா இப்பவே குடுத்து உன்னை அனுப்பி வெச்சிருவேன்." தம்பி கோபத்தில் கத்தினான். "நல்லாத்தானே மூடினேன்? நீ தனியா ரெண்டு தடவை ஓடுனதுலயே பாதிக் காத்து போயிருச்சு. அதான் சீக்கிரம் முடிஞ்சது. ஏன் திறந்தே?"

மரக்குச்சியைச் செதுக்கி ஓட்டையில் அடித்துப் பார்த்தான் தம்பி. தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓட்டியதும் அழுத்தம் தாங்காமல் குச்சி பிய்த்துக்கொண்டு பறந்தது. இரண்டாவது குச்சியும் பறந்தது. தண்ணீரில்லாமல் ஓட்டினால் வழியிலேயே இன்ஜின் இறுகிச் செத்துவிடும். நாலு மணிக்கு தம்பி அக்காவுக்குப் போன் செய்து, "வரலை" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்தான்.

நாலேகாலுக்கு, தம்பி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த பழைய இரும்புக்கடை லாரி வந்தது. பின்பக்கம் சாய்பலகையை இறக்கி, வண்டியின் மூக்கில் இரும்புக் கயிற்றை மாட்டிவிட்டு லாரிக்காரர் கேட்டார். "யாராவது ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிங்க. மேல ஏறினதும் சட்டுனு பிரேக் போடணும். இல்லைன்னா என் கேபினை இடிச்சிரும்."

மாஸ்டரின் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. விரலை மடக்க முடியவில்லை. தம்பி சாய்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இவளா?" என்றார் மாஸ்டர்.

யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இறங்கச் சொல்ல அவளுக்கும் மனமில்லை. அவரைப் பார்க்கவும் மனமில்லை.

கயிறு முறுகியது. மஞ்சள் வண்டி கேட்டைத் தாண்டி, பலகையில் ஏறி, மெல்ல மெல்ல மேலே போனது. அவள் ஸ்டியரிங்கை நூல் பிடித்த மாதிரி நேராகப் பிடித்திருந்தாள். லாரியின் கேபின் கண்ணெதிரே வந்தது. இரண்டு முழம். ஒரு முழம். மாஸ்டரின் கால் தானாக உயர்ந்து, தன் முழு பலத்தோடும் கீழே மிதித்தது.

வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. கேபினுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. லாரிக்காரர் "சபாஷ்மா!" என்று பின்பக்கம் தட்டினார்.

மாஸ்டர் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தார். அவள் அவர் காலைக் குனிந்து பார்த்தாள். வெறும் தரைவிரிப்பின் மேல் அழுந்திக் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"அங்க பெடல் இல்லை மாமா" என்றாள். "பிரேக் நான்தான் போட்டேன். அன்னிக்கும் நான்தான் போட்டேன்."