கருமண் போன இடம்

1

இந்தக் கதை ஒரு குழியில் பிறந்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். குழியில் பிறக்கவில்லை, அதை மூடியதில் பிறந்தது. மங்கோலியாவில், உலான்பாத்தர் சாலைக்காக ஐந்து வருடம் சரளை அள்ளிய குழி. அள்ளிய இயந்திரத்தை ஓட்டியவன் நான். மூடியவனும் நான்தான். வேலை முடிந்ததும் இந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன்.

[தன்னைப் பற்றி இத்தனை வரி எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும்.]

2

கதை என்னுடையதல்ல, யாஞ்ஜ்மாவுடையது. முதல் வரி இப்படி இருக்கலாம்:

செப்டம்பர் காற்றில் யாஞ்ஜ்மா தன் ஆடுகளை மலைச்சரிவிலிருந்து

வேண்டாம். காற்றை வைத்துத் தொடங்குகிறவன் சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுகிறான்.

மறுபடி. யாஞ்ஜ்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, முந்நூறு ஆடு, கணவன் இல்லை. அவளுடைய குளிர்காலப் பட்டிக்குப் பக்கத்தில்தான் குழி. மூடிய நிலத்தின் மேல் வெறும் கல்தான் கிடந்தது. மேல்மண்ணான கருமண்ணைக் காற்று கொண்டுபோய்விட்டது என்று சாலை போட்ட கம்பெனி சொன்னது. அவளும் நம்பினாள்.

அதன்பின் அவள் செய்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் பட்டியில் இருபது வருடமாக மிதிபட்டு இறுகிய ஆட்டுப்புழுக்கைப் படுக்கை இருந்தது. குளிர் மைனஸ் நாற்பதுக்கு இறங்கும்போது அதன் சூட்டில்தான் ஆடுகள் பிழைக்கும். அதை இங்கே யாரும் உடைப்பதில்லை. அவள் கடப்பாரை எடுத்து உடைத்தாள். புல் முளைக்கட்டும் என்று பாதியைச் சுமந்துபோய்க் கல்லின் மேல் பரப்பினாள். புல் பிடிக்கும்வரை ஆடு மேயக் கூடாது என்று கம்பெனி சுற்றிலும் வேலி போட்டது. மேய்ச்சல் இல்லாமல் மூன்று குளிர்காலம் கொழுந்தன் பட்டியில் ஒண்டிக்கொண்டாள்.

3

நிலம் பழையபடி ஆகிவிட்டதா என்று பார்த்துப் படிவம் நிரப்ப, செவ்வாய்க்கிழமை ஆய்வாளன் ஸன்ஜா வந்தான். வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குப் பச்சை.

"பச்சைப்பசேல்னு கிடக்கு அக்கா. எழுபது சதவீதம் போட்டுக்கிறேன்."

"தம்பி, அது புல்லு இல்ல. எரு கிடந்த எடத்துல வர்ற களை. மொதப் பனிக்கே வதங்கி, காத்துல பறந்துரும். நடுக்குளிர்ல ஆடு எதைத் திங்கும்? உன் படிவத்தையா?"

"படிவத்துல பச்சையான்னுதான் கேட்டிருக்கு. புல்லான்னு கேக்கலயே."

கொழுந்தன் லுவ்சானுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நெலம் சரியாயிடுச்சுன்னு கையெழுத்தப் போட்டுத் தொலைங்க. போடலைன்னா இன்னும் மூணு வருஷம் வேலிய எடுக்க மாட்டானுங்க. எம்பட்டியில உங்க ஆடு எங்க ஆட்டு மேலேறிப் படுக்குது."

யாஞ்ஜ்மா சிரித்தாள். பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. குனிந்து களையை விலக்கிப் பார்த்தாள். அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசிப்புல், தலைமுடி கனத்தில். பிடித்தாலும் பிடிக்கலாம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளை, மூடுனவன் நீதான. அடியில மண்ணு இருக்கா? வேரு எறங்குமா?"

4

என் பதில். மூன்று வடிவங்கள்:

அ) "இல்லக்கா. கருமண்ண மொதல்ல தள்ளிட்டேன், கல்ல அதுக்கு மேல தள்ளிட்டேன். காத்து ஒண்ணையும் கொண்டுபோகல. நாலு ஆள் ஆழத்துல கிடக்கு. வேரு அங்க போய்ச் சேராது."

[இதைச் சொல்லியிருந்தால் ஸன்ஜா அங்கேயே படிவத்தைக் கிழித்திருப்பான். கம்பெனி மறுபடி தோண்டி, மண்ணை மேலே கொண்டுவந்து, அதுவரை அவள் ஆடுகளுக்கு வைக்கோலும் போட்டாக வேண்டும். என்னை இந்தப் பக்கத்தில் யாரும் தேநீருக்குக் கூப்பிட மாட்டார்கள்.]

ஆ) "இருக்குக்கா."

இ) நான் கோப்பையை வாயருகே கொண்டுபோய், அதில் இல்லாத தேநீரைக் குடித்தேன்.

நடந்தது மூன்றாவது. அதை அவள் "இருக்கு" என்று எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். லுவ்சான் அன்றைக்கே வேலிக்கம்பியைச் சுருட்டினான்.

5

முடிவுக்கு வருவோம். ஒன்றில் ஊசிப்புல் பிடித்துக்கொள்கிறது, யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்றில் பிப்ரவரி மாதக் காலை. யாஞ்ஜ்மா பட்டிக் கதவைத் திறக்கிறாள். பாதிப் படுக்கையில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் அதட்டுகிறாள். ஒன்றுகூட எழ

அதற்குமேல் எழுத முடியவில்லை.

உண்மையில் பிப்ரவரி இன்னும் வரவில்லை. இன்று வியாழக்கிழமை. நாளை மதியம் வரை படிவம் ஸன்ஜாவின் மேசை இழுப்பறைக்குள்தான் இருக்கும், அப்புறம் மேலிடத்துக்குப் போய்விடும். மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம். நான் இரண்டு நாளாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தைப் பதினொரு தடவை மாற்றினேன். எழுதிக்கொண்டிருக்கும் வரை கிளம்பவேண்டியதில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

வெளியே யாஞ்ஜ்மா குளிர்காலப் பட்டிக்குப் போகக் கூடாரத்தை வண்டியில் ஏற்றுகிறாள். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை.

"மாப்பிள்ளை! உள்ள என்னத்த அப்பிடி எழுதிக்கிட்டே இருக்க?"

நீங்கள் படிக்கிற வரைக்கும் நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும். தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் எழுந்து அவளுக்குப் பதில் சொல்லவேண்டும்.