கொம்புக் கோப்பையில் தேத்தண்ணீர்

…கதவைச் சாத்தியாயிற்று, இனிக் கால் மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது, பிள்ளை வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று மாமி சொல்லிவிட்டார், வருகிறவளுக்கு மூன்றாம் மாடி தெரியாதா என்ன, லிஃப்ட்தான் பழுது… இப்படியெல்லாம் நினைக்கலாமா? கிருஷாந்த் சுவரில் சாய்ந்து நின்றான். மனைவி துஷ்யா செத்து முப்பத்தொரு நாள், இன்னும் அழுகை வரவில்லை. உள்ளே அவளுக்குப் படைத்த வாழையிலையில் இடியப்பம், சொதி, அவளுக்குப் பிடித்த வினிகர் சிப்ஸ், பக்கத்தில் தேத்தண்ணீர். அவளுடைய மக்கில் ஊற்றச் சொன்னார் மாமி. கை ஏனோ அலுமாரியில் இருந்த கொம்புக் கோப்பையை எடுத்துவிட்டது. “இதென்ன தம்பி, மாட்டுக் கொம்பே? இதிலையோ என்ரை பிள்ளைக்குத் தேத்தண்ணி?” “அவவுக்கு இது பிடிக்கும், மாமி.” பிடிக்கும்தான், ஆனால் ஒருநாளும் அதில் குடித்ததில்லை. ஏல விற்பனை நிலையத்தில் பழைய சீனப் பொருட்களுக்குக் குறிப்பு எழுதுகிற வேலை அவளுக்கு, அங்கே இருப்பவை அசல் காண்டாமிருகக் கொம்பு, கண்ணாடிக்குள். இது சந்தையில் வாங்கிய போலி, எருமைக் கொம்பு. குடைந்த மரத்தோணி மாதிரி ஒரு கோப்பை, விளிம்பில் செதுக்கிய ஒரு கிழவன். ஏதோ சீனக் கதையில் ஆறு பிறக்கும் இடத்தைத் தேடிப் போனவனாம், ஆறு எப்போது வானத்து ஆறாக மாறியதென்றே அவனுக்குத் தெரியாதாம், அங்கே நெய்துகொண்டிருந்த ஒருத்தி ஒரு கல்லைக் கொடுத்து அனுப்பினாளாம், போய் வந்ததற்கு அத்தாட்சி… அசல் கொம்பில் நஞ்சை ஊற்றினால் நுரைக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். “இது எருமை, உங்கட தேத்தண்ணியைக் காட்டிக் குடுக்காது, பயப்பிடாதேங்கோ” என்று துஷ்யா ஒருநாள் சிரித்தாள்.

அவள் செத்த அன்று காலையும் தேத்தண்ணீர் அவன்தான் போட்டான். ஒரு மிடறு குடித்துவிட்டு, கைக்குது என்றாள். சும்மா குடியும், எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு என்றான். பதினொரு மணிக்கு அவளுடைய வேலையிடத்திலிருந்து அழைப்பு… மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்றார் டாக்டர், அந்தக் கசப்பைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை? சட்டனில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் மாமிக்கு ஒரே கேள்வி, கடைசியா என்ன சொன்னவள் தம்பி? ஒண்டும் சொல்லேல்லை மாமி. முப்பத்தொரு நாளாக அந்த ஒரு சொல்லை நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறான். அதே தேயிலை டின், அதே கரண்டி, அன்றைக்குச் சீனி போட்டேனா… இன்றைக்குப் போட்டேனா? உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்தது, மேசையில் கோப்பை உரசுகிற சத்தம். ரயில் போகிறது, வீடு அதிர்கிறது, வழக்கம்தானே… ஆனால் இன்று ஞாயிறு, தண்டவாள வேலை, ரயிலே இல்லை என்றுதானே மாமி பஸ் மாறி மாறி வந்தார்? மாமி அவன் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கேட்டதா?

மூன்று தரம் தட்டிவிட்டு மாமி கதவைத் திறந்தார். இலையில் எதுவும் கலையவில்லை. கோப்பையில் மட்டும் விளிம்பு வரை நுரை, கிழவனின் முழங்கால் நனைந்திருந்தது. அவன் ஆற்றவில்லையே, கேத்திலிலிருந்து நேரே ஊற்றினான், ஊற்றும்போது நுரையே இல்லை… படைத்ததை வீட்டவர்கள்தான் சாப்பிட வேண்டும், மாமி கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து ஒரு மிடறு குடித்தார், முகம் சுருங்கியது.

“கைக்குது, தம்பி.”

அந்தச் சொல்லை யார் இவரிடம் கொடுத்தனுப்பியது? சொல்லாமல் விட்டுவிடலாம், விட்டால் இனி எப்போதும்… “அவவும் அதைத்தான் சொன்னவ, மாமி. கடைசியா. நான் சும்மா குடியும் எண்டன்.” மாமி ஏசவில்லை, அழவில்லை, கோப்பையை அவனிடம் நீட்டினார். “நீங்களும் ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ.” அவன் வாங்கி வாயில் வைத்தான். கைக்கவில்லை. நல்ல இனிப்பு, சீனி போட்டிருந்தான், அப்படியானால் அன்றைக்கும் போட்டுத்தான் இருப்பான்… அவளுடைய மக்கை வாங்கி அன்று ஒரு மிடறு குடித்துப் பார்த்திருந்தால், கைத்தது தேத்தண்ணீர் இல்லை, அவளுக்குத்தான் ஏதோ என்று அப்போதே தெரிந்திருக்கும்…