ஓநாய்களை இறக்கும் இடம்

மாநில வனவிலங்குத் துறையின் கடிதம் வந்த வாரம் எங்கள் மாவட்ட அலுவலகத்தில் போன் ஓயவே இல்லை. ஒரு காலத்தில் இங்கே அழிந்துபோன ஓநாய்களைத் திரும்பக் குடியேற்றும் திட்டத்தில், கொலராடோவின் மேற்குப் பக்கத்தில் இன்னும் பத்து ஓநாய்களைக் கொண்டுவந்து விடப்போகிறார்களாம். ஜனவரியில், எங்கள் சேஜ் பள்ளத்தாக்கில். மாவட்டத்துக்குக் கருத்து இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம். நான் அங்கே எழுத்தர். போனில் வந்த கருத்துகளில் பாதியைக் குறிப்பேட்டில் எழுத முடியவில்லை. அவ்வளவு கெட்ட வார்த்தை.

மாவட்டக் குழுவின் தலைவர் டெல்ஃபின் ஆர்ச்சுலேட்டா இருநூறு பசுக்கள் வைத்திருப்பவர். போன வசந்தத்தில் அவருடைய கன்றுகளில் மூன்றை ஓநாய்கள் தின்றிருந்தன. அதனால் அவர் என்ன எழுதச் சொல்வார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

கூட்டத்தில் குழுவின் இன்னொரு உறுப்பினர் ஆரின் புரூயிட் எழுந்தார். டெல்ஃபினுக்கு நாற்பது வருடமாகப் பக்கத்துப் பண்ணைக்காரர். "ஒரே வரி போதும். எங்களுக்கு ஓநாய் வேண்டாம்னு எழுது. வேலை முடிஞ்சுது."

"போன தடவையும் அதைத்தானே எழுதினோம், ஆரின்? ஓநாய் வந்துச்சு. நம்ம கடுதாசி எங்க போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார் டெல்ஃபின்.

"அதுக்காக வாசல்ல நின்னு வரவேற்கச் சொல்றியா?"

"மாநிலம் பூரா ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியாச்சு. வருமா வராதாங்கறது நம்ம கையில இல்ல. எங்க விடறது, எப்ப விடறது, வந்தா யார் பொறுப்பு, இதுல நாம பேச இடமிருக்கு. அதையாவது உருப்படியா பேசுவோம்."

"ஓநாய் உன் கன்னுக்குட்டியத் தின்னுச்சா, இல்ல மூளையத் தின்னுச்சா?"

அரங்கமே சிரித்தது. டெல்ஃபினும் சிரித்தார். "கன்னுக்குட்டியத்தான். மூளை மிச்சம் இருக்கறதாலதான் பேசிட்டிருக்கேன்."

மூன்றாவது உறுப்பினர் டெல்ஃபின் பக்கம் சாய்ந்ததால், இரண்டுக்கு ஒன்று என்று அவர் யோசனை நிறைவேறியது.

மறுநாளிலிருந்து டெல்ஃபின் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். நாற்பத்தொரு பண்ணைகள். எந்த மேய்ச்சல் நிலத்தில், எந்த மாதம் பசுக்கள் கன்று ஈனும் என்று கேட்டு, துறை அனுப்பியிருந்த பெரிய வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தோம். கடைசியாக ஆரின் வீடு. அவர் உள்ளே கூப்பிடவில்லை. வண்டியின் முன்மூடி மேலேயே வரைபடத்தை விரித்தோம். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், பார்த்துவிட்டார்.

"இது தப்பு."

"எது?"

"எல்க் மான் குளிர்காலம் பூரா பள்ளத்தாக்குல நிக்குதுன்னு போட்டிருக்கு."

"அது துறைக்காரங்க குறிச்சது."

"அவங்க கண்டாங்க! ஆறு வருஷமா டிசம்பர் முதல் பனியோட மொத்தக் கூட்டமும் மேற்கு மேட்டைத் தாண்டிப் போயிடுது. என் சமையலறை ஜன்னல்லேர்ந்து பாக்கறேன்."

டெல்ஃபின் பென்சிலை நீட்டினார். ஆரின் முணுமுணுத்துக்கொண்டே கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஜனவரியில் ஓநாய்கள் வந்து இறங்கும்போது பள்ளத்தாக்கில் ஒரு மான்கூட இருக்காது. பிப்ரவரியில் பசுக்கள் ஈன ஆரம்பிக்கும்.

மாநிலத் தலைநகர் டென்வரில் நடந்த விசாரணையில் எங்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஆரினும் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், கத்திவிட்டுப் போகலாம் என்று. துறையின் உயிரியலாளர் இங்ரிட் ஹால்வர்சன் எங்கள் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"எங்க கணக்கெடுப்புல மான்கள் அங்கதானே இருக்கு?"

"எந்த மாசம் எண்ணினீங்க?" என்றார் டெல்ஃபின்.

"நவம்பர்ல."

"அதுக்கப்புறம் நடக்கறதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்ல. அதோ, மூணாவது வரிசையில உக்காந்திருக்கார்."

ஆரினின் காது சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். ஆறு வருடத்து முதல் பனி, மான்கள் கிளம்பிய நாள், எல்லாத் தேதியும் நாக்கு நுனியிலேயே இருந்தது. முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஓநாய் எனக்கு இப்பவும் வேண்டாம். ஆனா கொண்டுவந்தே தீருவோம்னா, அதுக்குத் தீனி இருக்கற இடத்துல கொண்டுபோய் விடுங்க."

ஹால்வர்சன் எழுதிக்கொண்டார்.

ஓநாய்களை இறக்கும் இடம் முப்பது மைல் மேற்கே தள்ளிப்போனது. மந்தைகளுக்குக் காவலாகக் குதிரையில் சுற்ற ஓர் ஆளை வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். ஓநாய்களின் கழுத்துப் பட்டையில் இருக்கும் கருவியை வைத்து அவை எங்கே திரிகின்றன என்று தினமும் தகவல் கேட்டிருந்தோம். அது மட்டும் வாரம் ஒருமுறைதான் என்றார்கள்.

மார்ச்சில் இரண்டு ஓநாய்கள் எப்படியோ பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டன. வாரத் தகவல் கைக்கு வருவதற்குள் ஆரினின் கன்று ஒன்று போய்விட்டது. தகவல் வந்ததும் காவலுக்கு வைத்திருந்த மரிசோல் குவின்ட் ஐந்து நாள் அந்த மந்தையை விட்டு நகரவில்லை. வெடிச்சத்தம் போட்டே இரண்டையும் மேட்டுக்கு அந்தப்புறம் துரத்திவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் ஆரின் மேஜையைத் தட்டினார். "வாரத்துக்கு ஒருதடவை சொன்னா எவனுக்கு லாபம்? ஓநாய் என்ன ஞாயித்துக்கிழமை மட்டுமா சாப்பிடுது?"

"அப்படியே எழுதிக்கோ," என்றார் டெல்ஃபின் என்னிடம். "அந்தக் கடைசி வரியையும் சேர்த்து."

இந்த முறை மூன்று பேரும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். கோடை முடிவதற்குள் தினத்தகவலும் கிடைத்துவிட்டது. காலை எட்டு மணிக்கு அதைப் பண்ணைகளுக்கு அனுப்புவது என் வேலை. ஐந்து நிமிடம் தாமதமானால் ஆரின் போனில் வந்துவிடுவார்.