விக்ரோறியா மகாராணியின் மச்சான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய அரச குடும்பங்களைப் பற்றி ஒரு பெரிய நாவல் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியும் வந்தது:

‘வியன்னா அரண்மனையின் ஆயிரம் விளக்குகளும் ஒரே சமயத்தில்...’

எரிந்தனவா, அணைந்தனவா? நான் வியன்னாவைக் கண்டவனில்லை, எனக்குத் தெரிந்த இடம் கனடாவின் ஸ்காபரோ. ஆகவே 1987 மார்கழியில், அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டில், அந்த அரசர்களின் வம்சாவளிப் புத்தகத்தைத் தியாகலிங்கத்தின் மடியில் வைக்கிறேன். நூலகத்திலிருந்து அதைத் தூக்கிவந்தவள் அவருடைய மகள் மங்கையற்கரசி.

2

தியாகலிங்கம் யாழ்ப்பாணத்தில் ஐரோப்பிய சரித்திரம் படிப்பித்தவர். (முதலில் கணக்கு வாத்தியார் என்று எழுதினேன். கதை நகர மறுத்தது.) மகள் அருள்நாயகத்தை விரும்புகிறாள். பொடியனில் ஒரு குறையும் இல்லை, ஆனால் தியாகலிங்கத்தின் பாட்டனாரும் அவனுடைய பூட்டனாரும் கூடப்பிறந்தவர்கள். ஆகவே பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. முறை பிழை என்று நிற்கிறார் தியாகலிங்கம். அவர் ஓம் சொல்லாமல் கட்டமாட்டேன் என்று நிற்கிறாள் மகள்.

“விக்ரோறியா மகாராணியும் சொந்தத்துக்கைதான் அப்பா கட்டினவ.”

“பொறு பிள்ளை. அவவின்ரை புருசன் அல்பேட்டின்ரை தேப்பன் ஆர்? மகாராணியின்ரை தாய்க்குத் தமையன். அப்ப அவன் தாய்மாமன்ரை மோன். மச்சான். அச்சாச் சம்பந்தம்.”

மூன்றாம் வில்லியத்தைக் காட்டினாள். அவர் கட்டிய மேரி தாய்மாமன் மகள். நான்காம் ஜோர்ஜ் கட்டியது மாமி மகளை, ஒரு வருடத்தில் பிரிந்துவிட்டார்கள்.

“முறை சரி,” என்றார். “மற்றதுகள்தான் சரிவரேல்லை.”

(இவை ஒன்றும் நான் இட்டுக்கட்டியதல்ல. தியாகலிங்கத்தைத்தான் இட்டுக்கட்டினேன்.)

கடைசியில் ஒஸ்ரியாச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அகப்பட்டார். அவர் கட்டியது தாயின் தங்கை மகளை. தியாகலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சின்னம்மாவின்ரை மோளையோ? கூடப்பிறந்தவள் மாதிரியல்லோ. அப்ப சாம்ராச்சியம் ஏன் அழியாது?”

இத்தனை வருடம் படிப்பித்தும், முதலாம் உலகப் போரில் அந்தச் சாம்ராச்சியம் அழிந்ததற்கு இப்படியொரு காரணம் அவருக்குத் தோன்றியதில்லை.

“செத்துப்போன வெள்ளைக்காரருக்கெல்லாம் முறை பாக்கிறியள்,” என்றார் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கமலாம்பிகை. “வீட்டிலை இருக்கிற பெட்டையைப் பாருங்கோவன்.”

3

(இந்தப் பகுதியில் காதலர்கள் மொன்றியலுக்கு ஓடினார்கள். வெட்டிவிட்டேன். குளிரில் அருள்நாயகத்தின் கார் ஸ்ராட் ஆகவில்லை.)

4

எனக்கே இந்த மனிதர்மேல் சந்தேகம். பாட்டன் பூட்டன் கதைக்காக ஒருவர் இவ்வளவு அடம் பிடிப்பாரா? நான் கேட்டால் சொல்லமாட்டார். மகளைக் கேட்க விட்டேன்.

“முறை மட்டும்தானோ பிரச்சினை அப்பா?”

அவர் மடியிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்:

“இந்த நாட்டிலை எல்லாருக்கும் நான் அங்கிள். கடைக்காரனுக்கும் அங்கிள், பஸ்ஸிலை காணுற பொடியளுக்கும் அங்கிள். அவன் ஒருத்தன்தான் என்னைச் சித்தப்பா எண்டுறான். அவன் உன்னைக் கட்டினால், பிறகு ஆர் எனக்குச் சித்தப்பா எண்டு சொல்ல இருக்கினம்?”

மங்கையற்கரசிக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்புக் கதை எழுத வந்த எனக்கும் சங்கடமாகப் போயிற்று.

“கட்டினாப் பிறகும் அவர் சித்தப்பா எண்டே கூப்பிடட்டுமன்.”

“விசர்க் கதை கதையாதை. மாமனாரை ஆரும் சித்தப்பா எண்டுறதோ? சனம் சிரிக்கும்.”

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“கேட்டியே பிள்ளை,” என்றார் கமலாம்பிகை. “மாமனாராம்.”

சத்தியமாக நான் திட்டமிடவில்லை. அது அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது.

5

கதவு தட்டப்படுகிறது. அருள்நாயகத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னவர் கமலாம்பிகைதான். தியாகலிங்கம் போய்த் திறக்கிறார்.

அவன் ‘மாமா’ என்றால் கலியாணம் நடக்கும், ஒரு சித்தப்பா இல்லாமற்போவார். ‘சித்தப்பா’ என்றால் அவர் மனங்குளிர்ந்துபோவார், மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ‘அங்கிள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே இடம் விட்டிருக்கிறேன், வாசகரே, நீங்களே நிரப்புங்கள். கெதியாக. அருள்நாயகம் வாயைத் திறந்துவிட்டான், தியாகலிங்கம் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“..............., உள்ளுக்கு வரட்டோ?”